பிரஸ்ஸல்ஸ் நகராட்சிக்கு ஏன் இப்படி ஒரு வடிவம்?

கேள்வி இது: பிரஸ்ஸல்ஸ் தலைநகரப் பகுதியில் 19 நகராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் ‘பிரஸ்ஸல்ஸ் நகரம்’ என்றே பெயர் கொண்ட நகராட்சியை வரைபடத்தில் பார்த்தால் நடுவில் ஓர் ஐங்கோணம், வடக்கே அதைவிடப் பெரிய நிலப்பரப்பு, கிழக்கே ஒரு புடைப்பு தெரிகிறது. தெற்கே நூல் மாதிரி ஒரு துண்டு இறங்கி ஒரு காட்டில் போய் முடிகிறது. ஏன் இப்படி? சுற்றியிருக்கும் ஊர்களை ஏன் இதனோடு சேர்க்கவில்லை? பெல்ஜியத்தின் தலைநகரம் என்பது இந்த ஒரு நகராட்சியா, 19உம் சேர்ந்ததா?

சுருக்கமாகச் சொன்னால், பிரஸ்ஸல்ஸ் தன் அண்டை ஊர்களை மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தது, முடியவில்லை. அதனால் தனக்கு அந்தந்தக் காலத்தில் எது தேவைப்பட்டதோ அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. ஒரு முறை பணக்காரர்கள் குடியேறும் பேட்டை, இன்னொரு முறை ஒரு சாலை, அதன் முனையில் ஒரு காடு, பிறகு துறைமுகத்துக்கான நிலம். அந்த எல்லைக்கோட்டில் இருக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஆண்டையும் சொல்ல முடியும்.

முதலில் ஐங்கோணம். பிரஸ்ஸல்ஸ் பிறந்தது சென் என்ற சிறிய ஆற்றின் சதுப்பு நிலத்தில். கீழ் லோத்தரிங்கியாவின் கோமகன் சார்ல் 979இல் ஆற்றின் நடுவே இருந்த தீவில் கோட்டை கட்டினான் என்பது மரபு. அதை வைத்துத்தான் 1979இல் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். தீவு இருந்த இடம் இன்றைய சான்-ஜெரி சதுக்கம். ஆற்றுக்குக் கிழக்கே தரை சட்டென்று மேலேறுகிறது. அந்த மேட்டில், கூடன்பெர்க் குன்றில், பிரபுக்கள் அரண்மனை கட்டிக்கொண்டார்கள். தாழ்வான ஆற்றங்கரையில் வணிகர்களும் நெசவாளர்களும் தோல் பதனிடுபவர்களும் இருந்தார்கள். மேல் ஊர், கீழ் ஊர் என்ற இந்தப் பிரிவு பிரஸ்ஸல்ஸை விட்டு இன்றுவரை போகவில்லை. மரோல் என்கிற பழைய உழைப்பாளர் பேட்டையிலிருந்து மேலே இருக்கும் பிரம்மாண்டமான நீதிமன்றக் கட்டடத்துக்குப் போக இப்போது கண்ணாடி லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. ஏறி இறங்கினால் இந்த நகரத்தின் நில அமைப்பு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

13ஆம் நூற்றாண்டில் கட்டிய முதல் மதில் சிறியது. 1356இல் ஃபிளாண்டர்ஸ் கோமான் படையோடு வந்து ஊரைப் பிடித்துக்கொண்டான். சில மாதங்களில் ஊர் மீட்கப்பட்டது. ஆனால் அந்த அதிர்ச்சியில் உடனே இரண்டாவது மதிலை எழுப்பத் தொடங்கினார்கள். 1383 வாக்கில் முடிந்த அந்த மதிலின் சுற்றளவு சுமார் 8 கிலோமீட்டர். அதன் தடம்தான் நீங்கள் பார்க்கும் ஐங்கோணம். உள்ளே இருக்கும் பரப்பு 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மதிலை இடிக்க நெப்போலியன் 1810இல் ஆணை போட்டான். வேலை நடந்தது பெரும்பாலும் அவன் போன பிறகு, 1818க்கும் 1840க்கும் இடையில். மதில் இருந்த இடத்தில் அகலமான சாலைகள் வந்தன. 1958 உலகக் கண்காட்சிக்காக அவற்றின் அடியில் கார்களுக்குச் சுரங்கப்பாதைகள் தோண்டி, உள்வட்டச் சாலை ஆக்கினார்கள். பழைய வாயில்களில் தெற்கே ஹால் வாயில் மட்டும் தப்பியது. சிறைச்சாலையாகப் பயன்பட்டதால்தான் அதை இடிக்காமல் விட்டார்கள்.

சரி, மதில் போன பிறகு ஊர் வெளியே பரவியிருக்க வேண்டுமே? பரவியது. ஆனால் நகராட்சி பரவவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

பிரபாந்த் கோமகன்கள் ஆண்ட பழைய காலத்தில் பிரஸ்ஸல்ஸின் அதிகாரம் மதிலோடு நிற்கவில்லை. மோலன்பேக், ஸ்கார்பேக், சான்-ஜில், இக்செல், லாக்கன் போன்ற சுற்றுக் கிராமங்கள் நகரத்தின் வரிக்கும் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. 1795இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு இந்தப் பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது அந்த ஏற்பாட்டைக் கலைத்து, ஒவ்வொரு கிராமத்தையும் தனி நகராட்சி ஆக்கியது. பிரஸ்ஸல்ஸ் மதிலுக்குள் சுருங்கியது. வெறும் வயலும் தோட்டமுமாக இருந்த கிராமங்களுக்குச் சொந்த மேயர், சொந்த மன்றம். அன்றைக்கு இது பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றியிருக்காது. ஆனால் அடுத்த நூறாண்டில் அந்த வயல்களில்தான் நகரம் வளர்ந்தது, அதை ஆண்டது வேறு வேறு மேயர்கள். பிரஸ்ஸல்ஸின் இன்றைய வடிவத்துக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், மதிலைவிட, ஆற்றைவிட, இந்த 1795ஆம் ஆண்டு முடிவைத்தான் சொல்வேன்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது: நுழைவு வரி. இறைச்சி, மது, நிலக்கரி என்று நகருக்குள் வரும் சரக்குக்கு வாயிலில் வரி கட்ட வேண்டும். மதிலைத் தட்டிய பிறகும் வாயில்களில் வரிச் சாவடிகள் இருந்தன. எல்லைக்கு வெளியே ஓரடி தள்ளி வசித்தால் அந்த வரி இல்லை. அதனால் மதுக்கடைகளும் தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் எல்லைக்கு வெளியே மோலன்பேக்கிலும் மற்ற ஊர்களிலும் பெருகின. 1830இல் பெல்ஜியம் தனி நாடாகிப் பிரஸ்ஸல்ஸ் தலைநகரமானது. 1835இல் பெல்ஜியத்தின் முதல் ரயில் பிரஸ்ஸல்ஸிலிருந்து மெக்கலன் என்ற ஊருக்குப் புறப்பட்டது. மக்கள் வந்து குவிந்தார்கள், ஆனால் புதிதாக வந்தவர்களில் பெரும்பகுதி தங்கியது நகராட்சிக்கு வெளியே. தலைநகரத்துக்குச் செலவு, சுற்று ஊர்களுக்கு ஆள்பெருக்கம்.

மேயர் ஷார்ல் தெ புரூக்கேர் இதைச் சரிசெய்யச் சுற்று ஊர்களை நகரத்தோடு இணைக்க வேண்டும் என்றார். 1854இல் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. சுற்று ஊர்க்காரர்கள் வரியும் கடனும் தங்கள் தலையில் விழும் என்று எதிர்த்தார்கள். மற்ற மாகாணங்களின் உறுப்பினர்களுக்கும் தலைநகரம் அளவுக்கு மீறிப் பெரிதாவதில் விருப்பமில்லை. 1860இல் நுழைவு வரியை நாடு முழுவதும் ஒழித்தார்கள். அதற்கு ஈடாக அரசு ஒரு நிதியை எல்லா நகராட்சிகளுக்கும் பங்கிட்டது. அந்தப் பணம் சுற்று ஊர்களைத் தனியாகவே நிற்கும் தெம்புள்ளவை ஆக்கியது. ஒவ்வொன்றும் தனக்கென்று கோபுரம் வைத்த நகரமன்றக் கட்டடம் கட்டிக்கொண்டது. இன்றும் ஸ்கார்பேக், சான்-ஜில் பக்கம் போனால் ஒரு சிறிய நகராட்சிக்கு இவ்வளவு ஆடம்பரமான கட்டடமா என்று நின்று பார்க்கத் தோன்றும். நாங்கள் தனி ஊர் என்று அவர்கள் கல்லில் எழுதிவைத்தது அது.

மொத்தமாகக் கிடைக்காததால் துண்டு துண்டாக எடுப்பது தொடங்கியது. கிழக்கே தெரியும் புடைப்பு 1853இல் வந்தது. 1837 முதல் ஒரு தனியார் நிறுவனம் மதிலுக்கு வெளியே மேட்டு நிலத்தில் நேர்கோட்டுத் தெருக்களோடு ஒரு பேட்டையை உருவாக்கி வந்தது. பெயர் லியோபோல்ட் பேட்டை, முதல் மன்னரின் பெயர். பிரபுக்களும் வங்கிக்காரர்களும் அங்கே வீடு கட்டினார்கள். சான்-ஜோஸ், எட்டர்பேக், இக்செல் ஊர்களின் நிலம் அது. நகரம் அதையும் அதற்கு வடகிழக்கே இருந்த மேட்டையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிறகு அந்தப் பக்கம்தான் ஆம்பியோரிக்ஸ், மரி-லூயிஸ் சதுக்கங்களும், 1880இல் நாட்டின் ஐம்பதாண்டு விழாவுக்கான பூங்காவும் வந்தன. மரி-லூயிஸ் சதுக்கத்தின் நடுவே இருக்கும் குளம் அலங்காரத்துக்காகப் புதிதாக வெட்டியது இல்லை. மால்பேக் என்ற ஓடையின் பழைய குளங்களில் எஞ்சியது. 1958க்குப் பிறகு ஐரோப்பிய அலுவலகங்கள் இதே லியோபோல்ட் பேட்டையில் குடியேறின. மாளிகைகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அலுவலகக் கட்டடங்கள் ஆயின. ஐரோப்பிய ஆணையத்தின் பெர்லேமோன் கட்டடம் இருப்பதும் 1853இல் எடுத்த அந்தப் புடைப்பில்தான்.

தெற்கே இறங்கும் நூல்தான் எல்லாரும் கேட்கும் விஷயம். அது லூயிஸ் அவென்யூ. நகரத்திலிருந்து சுவாஞ் காட்டின் ஓரம் வரை, வண்டிகளில் உலாவப் போவதற்காக ஒரு பெரிய நிழல் சாலை போட வேண்டும் என்று திட்டம். 55 மீட்டர் அகலம், இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். போகும் வழியெல்லாம் பெரும்பாலும் இக்செல் நகராட்சியின் நிலம். சாலைக்கு ஆகும் செலவும், ஓரங்களில் எழும் வீடுகளின் வரி வருமானமும் யாருக்கு என்று நீண்ட இழுபறி. கடைசியில் 1864இல் சாலையும் அதன் இருபக்க வீட்டு வரிசையும், முனையில் இருந்த லா காம்ப்ர் காடும் பிரஸ்ஸல்ஸ் நகராட்சிக்குப் போயின. காட்டைச் சுமார் 123 ஹெக்டேர் பூங்காவாக எட்வார்ட் கைலிக் என்ற தோட்டக்கலைஞர் வடிவமைத்தார்.

பாவப்பட்டது இக்செல். தன் உடலின் குறுக்கே இன்னொரு நகராட்சி ஓடுவதால் அது இன்றும் இரண்டு துண்டு. ஃபிளாஜே குளக்கரையிலிருந்து ஷாட்லெயின் சந்தைக்கு ஓர் இக்செல்காரர் நடந்து போனால் நடுவில் சில நிமிடம் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறார். லூயிஸ் அவென்யூ வீடு ஒன்றுக்குப் பிரஸ்ஸல்ஸ் நகரமன்றத்தில்தான் பதிவு. ஆனால் அஞ்சல் குறியீட்டு எண் 1050, அதாவது இக்செலின் எண். புதிதாகக் குடியேறுபவர்கள் இக்செல் அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வருவது சகஜம். காவல்துறையில் மட்டும் இரண்டு நகராட்சிகளும் ஒரே சரகம். இவ்வளவு பின்னிக்கிடக்கும் எல்லைக்கு அது ஒன்றுதான் பொருத்தம் என்பேன்.

காடு பிரஸ்ஸல்ஸ் நகராட்சியின் கையில் இருப்பது இன்றும் சண்டைக்குக் காரணம். 2020இல் கொரோனா காலத்தில் பூங்காவுக்குள் கார்கள் போகக் கூடாது என்று நகராட்சி மூடியது. அந்தப் பாதை வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தெற்கே உக்ல் முதலிய ஊர்க்காரர்கள், அங்கே பிரஸ்ஸல்ஸ் மேயருக்கு ஓட்டு இல்லை. உக்ல் நகராட்சி நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு பூங்காவின் கதவைப் பற்றிய வழக்கு என்று தோன்றும். உண்மையில் அது 1864இல் போட்ட கோட்டைப் பற்றிய வழக்கு.

இதே காலத்தில் ஐங்கோணத்துக்குள் நடந்த பெரிய மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளியே எடுத்த துண்டுகளுக்கும் உள்ளே நடந்ததற்கும் நோக்கம் ஒன்றே: வசதியுள்ளவர்களை, அதாவது வரி கட்டுபவர்களை, நகராட்சிக்குள் வைத்திருப்பது. சென் ஆறு 19ஆம் நூற்றாண்டில் ஆறாக இல்லை. ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் கலந்து, மழைக்காலத்தில் பொங்கிக் கீழ் ஊர் வீடுகளுக்குள் வரும். 1866இல் காலரா வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. மேயர் ஜூல் ஆன்ஸ்பாக் ஆற்றையே மூடிவிடத் தீர்மானித்தார். 1867இல் தொடங்கி 1871இல் நகர மையத்தில் ஆறு செங்கல் குழாய்களுக்குள் போனது. மேலே பாரிஸ் பாணியில் அகலச் சாலைகள், பங்குச் சந்தைக் கட்டடம், மாடி வீடுகள். கட்டுமானத்தை ஏற்ற ஆங்கில நிறுவனம் பண முறைகேட்டில் சிக்கி, வேலையை நகராட்சியே கையில் எடுக்க வேண்டியிருந்தது. இடித்த சந்துகளில் இருந்த ஏழைகள் எங்கே போனார்கள்? எல்லைக்கு வெளியே, ஏற்கனவே நெரிசலாக இருந்த மோலன்பேக் போன்ற ஊர்களுக்கு. நகராட்சி எல்லை ஒரு வர்க்க எல்லையாகவும் ஆனது இப்படித்தான்.

ஆறு இப்போது அந்தச் சாலைகளின் கீழும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை மேற்கே புறச்சாலைகளின் அடியில் திருப்பிவிட்டார்கள். காலியான பழைய குழாய்களின் தடத்தில் 1976இல் டிராம் சுரங்கம் வந்தது. சான்-ஜெரி சதுக்கத்தில் ஒரு கட்டடத்தின் முற்றத்துக்குள் போனால் பழைய ஆற்றுக் கிளை ஒன்றின் சிறு பகுதியைத் திறந்துவைத்திருப்பதைப் பார்க்கலாம். பிரஸ்ஸல்ஸ் தன் கழிவு நீரை முழுவதுமாகச் சுத்திகரிக்க ஆரம்பித்தது 2007இல் வடக்குச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் சட்டங்கள் எழுதப்படும் நகரம் இது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறாது.

இனி வடக்கு. அதற்குக் காரணம் தண்ணீர். கடல் இல்லாத பிரஸ்ஸல்ஸ் 1561இல் வில்லபுருக் கால்வாய் வெட்டி அந்த வழியாகக் கடலோடு தொடர்பு வைத்துக்கொண்டது. கப்பல்கள் ஐங்கோணத்துக்குள், சான்த்-கத்ரீன் வரை வந்தன. அங்கே இருக்கும் தெருக்களின் பெயர்கள் செங்கல் துறை, விறகுத் துறை என்று இன்னும் படகுத்துறைகளாகவே இருக்கின்றன. துறைகளுக்கு நடுவே தண்ணீர்தான் இல்லை. சான்த்-கத்ரீன் தேவாலயமே தூர்த்த படகுக் குளத்தின் மேல் கட்டியது. அந்தக் குளங்கள் பெரிய கப்பல்களுக்குப் போதாமல் போனபோது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நகராட்சி கால்வாயோரமாக வடக்கே மோலன்பேக், லாக்கன் நிலங்களில் கைவைத்தது. புதிய துறைமுகம் பெரிதாகப் பெரிதாக அதன் கரை முழுவதும் ஒரே நிர்வாகத்தில் இருந்தால்தான் நல்லது என்ற வாதம் வலுத்தது. 1921இல் லாக்கன், நேடர்-ஓவர்-ஹேம்பேக், ஹாரன் என்ற மூன்று நகராட்சிகளையும் முழுசாக இணைத்தார்கள். 1854இல் நடக்காத முழு இணைப்பு இங்கே மட்டும்தான் நடந்தது. லாக்கன்காரர்கள் தங்கள் புதிய நகரமன்றத்தைக் கட்டி முடித்துப் பத்தாண்டுகூட ஆகவில்லை.

அந்த ஒரே சட்டத்தில் நகராட்சியின் பரப்பு பல மடங்காகி இன்றைய சுமார் 33 சதுர கிலோமீட்டர் ஆனது. இப்போது மக்கள் தொகை சுமார் 2 லட்சம். பரப்பிலும் ஆள்தொகையிலும் 19இல் இதுதான் முதலிடம். ஒட்டியே இருக்கும் சான்-ஜோஸ் 1 சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும், பெல்ஜியத்திலேயே மிக நெரிசலான நகராட்சி அது. வரைபடத்தில் ஐங்கோணத்துக்கும் லாக்கனுக்கும் நடுவே கழுத்துபோல ஒடுங்கியிருப்பது கால்வாயோரத் துண்டு. அந்தக் கழுத்திலும் அதை ஒட்டியும் 1960களின் இறுதியில் ‘மன்ஹாட்டன் திட்டம்’ என்ற பெயரில் ஒரு முழுப் பேட்டையை இடித்தார்கள், ஆயிரக்கணக்கான எளிய மக்கள் வீடிழந்தார்கள். திட்டமிட்ட கோபுரங்களில் பெரும்பகுதி பல ஆண்டுகள் எழவே இல்லை. பிரஸ்ஸல்ஸ் தனக்குத் தானே செய்துகொண்ட மிக மோசமான காரியம் அது என்பது என் உறுதியான எண்ணம்.

வடக்கு நிலம் நகராட்சிக்கு என்ன கொடுத்தது என்றால், பெரிய காரியங்களுக்கு இடம் கொடுத்தது. லாக்கனில் மன்னர் குடும்பம் வசிக்கும் அரண்மனை இருக்கிறது. அதற்கு மேற்கே ஹேசல் மேட்டில் 1935, 1958 உலகக் கண்காட்சிகள் நடந்தன. 1958 கண்காட்சிக்காகக் கட்டிய, உருண்டைகளைக் கோத்தது போன்ற 102 மீட்டர் உயர ஆட்டோமியம் அங்கேதான் நிற்கிறது. ஹாரனில் முதல் உலகப்போரில் ஜெர்மானியர் அமைத்த விமானத்தளம் பிறகு பிரஸ்ஸல்ஸின் விமான நிலையமானது. விமானங்கள் பக்கத்து ஊரான ஸாவெந்தமுக்குப் போன பிறகு அந்தப் பக்கம் 1967இல் பாரிஸிலிருந்து வந்த நேட்டோ குடியேறியது. அதன் இன்றைய தலைமையகமும் ஹாரன் நிலத்தில்தான். 2022இல் நாட்டின் மிகப் பெரிய சிறைச்சாலையும் ஹாரனுக்கு வந்தது. நகரத்துக்கு வேண்டியது, ஆனால் நகரத்துக்குள் யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாதது எல்லாம் ஹாரனுக்குப் போகிறது என்று அங்கே இருப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

1921க்குப் பிறகு எல்லை பெரிதாக நகரவில்லை. இனி நகரவும் கடினம். மொழிப் பிரச்சினை குறுக்கே வந்துவிட்டது. 1954இல் இன்னும் மூன்று நகராட்சிகள் பிரெஞ்சு, டச்சு என்ற இருமொழிப் பகுதியில் சேர்ந்து எண்ணிக்கை 19 ஆனது. 1962-63இல் மொழி எல்லை சட்டமாகி, சுற்றிலும் டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ் வளைத்துக்கொண்டது. 1989இல் 19உம் சேர்ந்த தலைநகரப் பகுதிக்குத் தனி நாடாளுமன்றமும் அரசும் வந்தன. சுமார் 162 சதுர கிலோமீட்டர், 12 லட்சத்துக்கு மேல் மக்கள். 19ஐயும் ஒன்றாக்கிவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். பெரும்பாலும் டச்சு பேசும் அரசியல்வாதிகள் ஆதரிப்பார்கள், பிரெஞ்சு பேசும் மேயர்கள் எதிர்ப்பார்கள். 1854ஐப் போலவே தனி நகராட்சிகள்தான் இன்னும் ஜெயிக்கின்றன.

கடைசிக் கேள்விக்கு வருவோம். அரசியலமைப்பின் 194ஆவது பிரிவு, ‘பிரஸ்ஸல்ஸ் நகரம்’ பெல்ஜியத்தின் தலைநகரம், மத்திய அரசின் இருப்பிடம் என்கிறது. எழுத்துப்படி பார்த்தால் இந்த விசித்திர வடிவ நகராட்சிதான் தலைநகரம், மோலன்பேக்கும் இக்செலும் இல்லை. அரண்மனை, நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம் எல்லாம் அதன் எல்லைக்குள்தான். ஆனால் நடைமுறையில் பெல்ஜியத்தில் யாரும் அப்படிப் பிரித்துப் பேசுவதில்லை, பகுதியின் பெயரிலேயே ‘தலைநகர’ என்ற சொல் இருக்கிறது. நீங்கள் அங்கே குடியேறப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது இது: அஞ்சல் எண்ணை நம்பாதீர்கள். 1000, லாக்கனின் 1020, நேடர்-ஓவர்-ஹேம்பேக்கின் 1120, ஹாரனின் 1130 என்றால் பிரஸ்ஸல்ஸ் நகராட்சி. 1040 அல்லது 1050 என்றால் தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் வைத்து எந்த நகராட்சி என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, அப்புறம் பதிவுக்குப் போங்கள்.